மகன் ஆடிய சூதுக்குத் தாய் கடனாளியா?

இதய வால்வு மாற்று அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறிக்கப்பட்டிருந்த ஓர் அம்மையார், அந்நாளுக்கு ஒன்பது நாள் முன்னதாக வந்து, "ஆடி போகட்டும் ஐயா, ஆவணியில் வைத்துக்கொள்ளலாம்" என்று மருத்துவரைக் கேட்டுக்கொண்டார். ஆடியில் அறுவைச் சிகிச்சைக்குத் தயங்குவோரை ஆண்டுதோறும் காண்கிறோம். ஆகவே மருத்துவருக்கு அது புதிதாகத் தோன்றவில்லை. இரத்த அழுத்தம் பார்த்த செவிலியர்தான், சென்ற முறை அவர் கழுத்தில் இருந்த தாலிச் சங்கிலி இப்போது இல்லை, மஞ்சள் கயிறு மட்டுமே இருக்கிறது என்பதைக் கவனித்தார். அவரை என்னிடம் அனுப்பிவைத்தவரும் அச்செவிலியரே.

நான் மனநலப் பிரிவில் சமூகப் பணியாளராக இருக்கிறேன். அம்மையார் அரைமணி நேரம் மழையைப் பற்றியும் பேருந்து நெரிசலைப் பற்றியும் பேசினார். அதன் பிறகே விஷயம் வெளிவந்தது. மகனுக்கு வயது 29. தனியார் நிறுவனம் ஒன்றில் வேலை. கைப்பேசியில் ரம்மி ஆடத் தொடங்கி, அங்கிருந்து கிரிக்கெட் பந்தயத்துக்குச் சென்று, மூன்று லட்ச ரூபாய் கடனாகிவிட்டதாகச் சொல்லித் தாயின் காலில் விழுந்திருக்கிறார். காப்பீட்டுத் தொகை போக மீதமாகும் மருத்துவச் செலவுக்கென்று சீட்டுக் கட்டிச் சேர்த்த பணத்தை அம்மையார் அன்றே எடுத்துக் கொடுத்துவிட்டார். அது போதாமற்போகவே சங்கிலியும் அடகுக் கடைக்குப் போயிற்று. ஓய்வுபெற்ற நடத்துநரான கணவருக்கு எதுவும் தெரியாது. "பெத்த கடன் சார். நான்தானே அடைக்கணும்" என்றார்.

(அடையாளங்கள் சிலவற்றை மாற்றியே எழுதுகிறேன். எழுதுவதற்கு அக்குடும்பத்தின் இசைவு உண்டு.)

பெற்ற கடன் என்ற அச்சொல்லை அதன்பின் நெடுநாள் எண்ணிப் பார்த்தேன். நம் மொழியில் பிறரிடம் வாங்கிய பணமும் கடன். செய்தே தீரவேண்டிய கடமையும் கடன். காலைக்கடன், நேர்த்திக்கடன், நீத்தார் கடன் என்று நாள்தோறும் வழங்குகிறோம். ஒரே சொல் இரண்டுக்கும் நிற்பதில் அழகு இருக்கலாம். ஆனால் சூதாட்டம் நுழைந்த வீட்டில் இவ்விரண்டும் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. மகனிடத்தில் தமக்கு உள்ள கடமையை, மகன் வாங்கிய பணத்தைத் திருப்பிக் கட்டும் பொறுப்பாகத் தாய் எண்ணிக்கொள்கிறார். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கவேண்டும் என்பதும், பிரித்தால்தான் நோயாளி பிழைப்பார் என்பதும் என் கருத்து.

பணக்கடனின் சட்ட நிலையை முதலில் சொல்லிவிடுகிறேன். அது பலர் அஞ்சுவதைவிடத் தெளிவானது.

1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பந்தய ஒப்பந்தம் செல்லாது என்று 30-ஆம் பிரிவில் கூறுகிறது. பந்தயத்தில் வென்றதைக் கேட்டு எவரும் வழக்குத் தொடுக்க முடியாது. இதைக் கேள்விப்பட்டு, சூதாட்டத்துக்காக வங்கியிலோ செயலியிலோ வாங்கிய கடனும் செல்லாது என்று சிலர் எண்ணிக்கொள்கிறார்கள். அது தவறு. கடன் கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் இடையே உள்ளது தனி ஒப்பந்தம். வாங்கியவர் அதைத் திருப்பிச் செலுத்தவே வேண்டும்.

ஆனால் வாங்கியவரே செலுத்தவேண்டும். வயதுவந்த மகனின் கடனுக்குப் பெற்றோரோ, கணவனின் கடனுக்கு மனைவியோ, அண்ணனின் கடனுக்குத் தம்பியோ உறவின் காரணமாக மட்டும் பொறுப்பாவதில்லை. கூட்டாகக் கடன் வாங்கியவராகக் கையொப்பமிட்டிருந்தால் பொறுப்பு உண்டு. ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தாலும் உண்டு. அதே சட்டத்தின் 128-ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லப்படாதவரை, ஜாமீன்தாரரின் பொறுப்பு கடனாளியின் பொறுப்புக்குச் சமம். இவ்விரண்டும் இல்லையென்றால் இல்லை. கடன் செயலியில் 'தொடர்புக்கு' என்று உங்கள் பெயரையும் எண்ணையும் மகன் கொடுத்திருந்தால், அதனால் நீங்கள் ஜாமீன்தாரர் ஆகிவிடமாட்டீர்கள். கடன் வாங்கியவர் இறந்துபோனாலும், அவருடைய சொத்திலிருந்து வாரிசின் கைக்கு வந்த அளவுக்குத்தான் கேட்க முடியும். வாரிசு தாமே உழைத்துச் சேர்த்ததைத் தொட முடியாது.

தந்தையின் கடனை மகன் தீர்ப்பது அறம் என்று பழைய இந்துச் சட்டம் கொண்டிருந்தது. அந்தப் பழைய முறையிலும், தந்தை சூதாடி வைத்த கடனும் குடித்துவைத்த கடனும் மகனைக் கட்டுப்படுத்தா என்று விலக்கு இருந்தது. மனுநூலிலேயே அது காணப்படுகிறது. எத்தனையோ விஷயங்களில் இரக்கமற்ற அந்நூல் இதில் நம்மைவிடத் தெளிவாக இருந்திருக்கிறது. 2005-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைத் திருத்தச் சட்டம், தந்தையின் கடனுக்காக அறக்கடமை என்ற காரணத்தை மட்டும் காட்டி மகன்மீது வழக்குத் தொடுக்கும் உரிமையையே அதன்பின் ஏற்படும் கடன்களுக்கு நீக்கிவிட்டது.

விழிப்பாக இருக்கவேண்டிய இடங்கள் வேறு. மகனுக்காக உங்கள் பெயரில் நகைக்கடன் வாங்கினால் கடனாளி நீங்கள். உங்கள் கடன் அட்டையின் துணை அட்டையை அவர் பயன்படுத்தினால் பொறுப்பு உங்களுடையது. "ஓ.டி.பி. வந்திருக்கும், சொல்லும்மா" என்று கேட்டு உங்கள் கைப்பேசி வழியாகவே கடன் எடுத்திருந்தால், ஏட்டில் வாங்கியவர் நீங்கள்தான். அதை மறுக்கவேண்டுமானால் கடன் கொடுத்த நிறுவனத்துக்கு எழுத்துமூலம் தெரிவித்துக் காவல்துறையிலும் முறையிடவேண்டும். பெற்ற பிள்ளைமீது முறையீடு. எந்தத் தாயிடமும் இதைச் செய்யுங்கள் என்று என்னால் எளிதாகச் சொல்ல முடிந்ததில்லை. வழக்கறிஞரைக் கேட்டு முடிவு செய்யுங்கள் என்பேன். வருமானம் எவ்வளவாயினும் பெண்களுக்கு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக உதவும். 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

அழைத்து மிரட்டுவோரைப் பற்றியும் ஒரு சொல். ரிசர்வ் வங்கியின் கட்டுப்பாட்டில் உள்ள நிறுவனங்களின் வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் கடன் கேட்டு அழைக்கக் கூடாது. கடன் செயலி உங்கள் கைப்பேசியின் தொடர்பு எண்களையும் படங்களையும் எடுக்கக் கூடாது என்று 2022-இலேயே விதிக்கப்பட்டுவிட்டது. தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. கடன் வாங்கியவரையோ குடும்பத்தாரையோ வற்புறுத்தி வசூலிப்பதைத் தடுக்க 2025-இல் தனிச்சட்டமும் வந்துள்ளது. நிறுவனத்தின்மீது குறை இருந்தால் ரிசர்வ் வங்கியின் 14448. பெயரில்லாத செயலிகள் படத்தைத் திரித்துப் பரப்புவதாக மிரட்டினால் சைபர் குற்றப் பிரிவின் 1930. அழைப்பு வந்த நேரத்தையும் எண்ணையும் ஒரு தாளில் குறித்து வைத்திருங்கள், குறுஞ்செய்திகளை அழித்துவிடாதீர்கள்.

பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்து 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. ஆடியவரைத் தண்டிப்பதன்று, ஆட்டத்தை நடத்துபவரையும் விளம்பரம் செய்பவரையும் தண்டிப்பதே அதன் போக்கு. அது நல்லது. ஆனால் சட்டம் வந்த மறுநாள் எங்கள் வாயிலில் கூட்டம் குறைந்துவிடவில்லை. முன்பு வாங்கிய கடன்கள் அப்படியே நின்றன. வெளிநாட்டிலிருந்து நடத்தப்படும் பந்தயத் தளங்களின் இணைப்புகள் கைப்பேசிக்குக் கைப்பேசி கைமாறிக்கொண்டிருக்கின்றன. சட்டம் கடையை மூடலாம். மூளையில் ஏறிய பழக்கத்துக்கு மருத்துவம் வேண்டும்.

இனி அடுத்த கடனுக்கு வருகிறேன். இங்கேதான் எனக்குக் குடும்பங்களோடு வழக்கமாக வாக்குவாதம் நேர்கிறது.

சூதாட்ட அடிமைநிலை ஒரு நோய் என்று இன்று மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட டி.எஸ்.எம்.-5 என்னும் கையேடு, அதை மது, புகையிலை அடிமைநிலைகள் உள்ள அதே அத்தியாயத்தில் வைத்தது. உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலும் அது இருக்கிறது. அக்கையேடு நோயை அறிய ஒன்பது அறிகுறிகளைத் தருகிறது. ஓராண்டுக்குள் அவற்றுள் நான்கேனும் காணப்பட்டால் நோய் என்று கொள்ளலாம். இழந்ததை மீட்க மறுநாளே மீண்டும் ஆடுவது ஓர் அறிகுறி. எவ்வளவு ஆடினோம் என்பதை மறைத்துப் பொய் சொல்வது ஓர் அறிகுறி. ஒன்பதாவதாகக் குறிக்கப்பட்டிருப்பதைக் குடும்பத்தாரிடம் படித்துக் காட்டும்போதெல்லாம் அறையில் ஒரு மௌனம் விழும். சூதாட்டத்தால் வந்த பணமுடையைத் தீர்க்கப் பிறர் கையை நம்பியிருப்பது என்பதே அது.

தாய் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்த அந்தக் கணம், மருத்துவக் கண்ணில், நோயின் அறிகுறிகளுள் ஒன்று நிறைவேறிய கணம். தாய் தவறு செய்தார் என்று சொல்ல வரவில்லை. காய்ச்சலில் உடம்பு கொதிப்பதுபோல, இந்நோயில் மீட்பவர் ஒருவரைத் தேடுவது இயல்பு. அத்தேட்டத்துக்கு நாம் இணங்குகிறோமா இல்லையா என்பது மட்டுமே நம் கையில் உள்ளது.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பணியில் சேர்ந்த தொடக்க ஆண்டுகளில், வேறோர் ஊரில், மகனின் கடனைத் தீர்க்கட்டுமா என்று ஒரு தந்தை என்னைக் கேட்டார். கடன் தொல்லை நீங்கினால் பிள்ளையின் மனம் தெளியும், பிறகு சிகிச்சை எளிதாகும் என்று எண்ணி, "முடிந்தால் தீர்த்துவிடுங்கள்" என்றேன். கிணற்றை ஒட்டிய அரை ஏக்கரை விற்று ஒரே நாளில் எல்லாவற்றையும் அடைத்தார். மூன்று மாதம் தாண்டவில்லை. பழைய கடனைவிடப் பெரிதான புதிய கடனோடு மகன் நின்றார். முழுமையாக அடைத்த வாடிக்கையாளர் என்பதால், முன்னதைவிடக் கூடுதலாகத் தருகிறோம் என்று அதே செயலிகள் அவரை அழைத்திருந்தன. நிலத்தை விற்ற நாளைப் பற்றி அந்த இளைஞர் பின்னர் என்னிடம் சொன்னது இன்றும் காதில் நிற்கிறது: "அன்னைக்கு எனக்குப் பெரிய ஆட்டம் ஜெயிச்ச மாதிரி இருந்துச்சு சார்." அந்தத் தந்தையை அதன்பின் இரண்டு முறை பார்த்தேன். என்னை அவர் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

வியாச பாரதத்தில் சூதாட்டம் இருமுறை நடக்கிறது. முதல் ஆட்டத்தை எல்லோரும் அறிவர். தருமன் நாட்டையும் தம்பியரையும் தன்னையும் மனைவியையும் தோற்றான். அவன் தன்னைத் தோற்றபின் என்னைப் பணயம் வைக்க உரிமை ஏது என்று திரௌபதி அவையில் எழுப்பிய வினா, ஒருவர் வைத்த பணயத்துக்கு மற்றொருவர் எப்படிப் பொறுப்பாவார் என்ற வினாவே. அவைப் பெரியோர் எவரும் அதற்கு நேரான விடை சொல்லவில்லை. இரண்டாம் ஆட்டத்தைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். திரௌபதிக்கு வரம் கொடுத்த திருதராட்டிரன், தோற்ற அனைத்தையும் திருப்பிக் கொடுத்து அவர்களை அனுப்பிவைத்தான். பாண்டவர் ஊர் போய்ச் சேருமுன் மறுபடியும் அழைப்பு வந்தது. நேர்ந்ததெல்லாம் கண்முன்னே இருக்க, தருமன் திரும்பி வந்து உட்கார்ந்தான். காடு பன்னிரண்டு ஆண்டு, மறைவு ஓராண்டு என்பது அந்த இரண்டாம் ஆட்டத்தின் விளைவு. இழந்தவை அத்தனையும் ஒரே நாளில் கைக்கு வந்துவிட்டதால், முதல் ஆட்டம் அவனுக்கு ஒன்றையும் கற்றுக்கொடுக்கவில்லை. தருமனுக்கே இப்படியென்றால் என்று குடும்பத்தாரிடம் நான் சொல்வதுண்டு. பெரியவர்கள் சிலர் சிரித்துவிடுவார்கள். சிரித்தால் பேச்சு எளிதாகும்.

அப்படியானால் கைவிட்டுவிடச் சொல்கிறீர்களா என்று கேட்பார்கள். இல்லை. குடும்பத்துக்குக் கடமை உண்டு. பணம் கட்டுவதைவிட அது கடினமானது. நோயாளியைச் சிகிச்சைக்கு அழைத்து வருவது, உடன் உட்காருவது, பொய்யைப் பொய் என்று உரக்கக் கத்தாமல் சொல்வது, பேரப்பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தை அவர் கையில் கொடுக்காமல் பள்ளியிலேயே கட்டுவது, சோறு போடுவது. வீட்டுப் பத்திரத்தையும் நகையையும் அவர் கைக்கு எட்டாமல் வைப்பதும் இக்கடமையில் சேரும். நளன் கதையில், நளன் இன்னும் ஆடிக்கொண்டிருக்கும்போதே தமயந்தி தேர்ப்பாகனை அழைத்து, பிள்ளைகள் இருவரையும் தேரேற்றித் தன் தந்தை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறாள். கணவனை விட்டு அவள் போகவில்லை. காக்கவேண்டியதைக் காத்துவிட்டு, பிறகு அவனோடு நின்றாள்.

எதிர்வாதங்கள் இரண்டு உண்டு. இரண்டையும் நான் எளிதாக எண்ணவில்லை.

ஒன்று, மானம். வாசலில் வந்து கத்துவார்கள், தெருவெல்லாம் தெரிந்துவிடும், தங்கை கல்யாணம் தடைப்படும் என்பது. இந்த அச்சத்தை வைத்துத்தான் வசூல் முகவரும் பிழைக்கிறார். மானத்துக்காக அடைக்கப்படும் கடன் எப்போதும் மறைவாகவே அடைக்கப்படுகிறது. மறைவுதான் இந்நோய்க்குத் தேவையான முதல் உணவு. தாய்க்குத் தெரிந்தது தந்தைக்குத் தெரியாது, மனைவிக்குத் தெரிந்தது மாமியாருக்குத் தெரியாது என்றிருக்கும் வீட்டில், ஆடுபவர் ஒவ்வொருவரிடமும் தனித்தனியே ஒரு தொகையைச் சொல்லி வாங்கிக்கொள்ள முடியும். இங்கே வேறொன்றும் சொல்லவேண்டும். கழற்றப்படும் நகை அநேகமாகப் பெண்களுடையது. கட்டியவள் சரியாக இருந்தால் அவன் ஏன் இப்படிப் போகிறான் என்ற பழியும் பெண்மீதே விழும். நகையையும் இழந்து பழியையும் ஏற்ற மருமகள்கள் என் அறையில் அழுதிருக்கிறார்கள்.

மற்றொன்று, உயிர். பணம் கொடுக்காவிட்டால் ஏதாவது செய்துகொண்டுவிடுவானே என்று தாய்மார் நடுங்குகிறார்கள். அந்த நடுக்கம் பொய்யன்று. இந்நோய் உள்ளவர்களிடத்தில் தற்கொலை எண்ணம் மிகுதி. தமிழ்நாட்டில் இணையவழிச் சூதாட்டத்தைத் தடைசெய்ய வேண்டும் என்ற குரல் எழுந்ததே அத்தகைய சாவுகளின் பேரில்தான். ஆகவே பணம் தரமாட்டேன் என்ற சொல்லை, உன்னோடு இருக்கிறேன் என்ற சொல் இல்லாமல் சொல்லக் கூடாது. செத்துவிடலாம் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதனால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. கேட்டதும் பாரம் இறங்கியவர்களையே நான் பார்த்திருக்கிறேன். ஆம் என்று பதில் வந்தால் கணக்கு வழக்கை ஒத்திவைத்துவிட்டு, தனியே விடாமல், அன்றே அழைத்து வாருங்கள். இரவானால் அவசரப் பிரிவுக்கு வாருங்கள். 14416 என்ற டெலி-மானஸ் எண் எந்நேரமும் தமிழில் பதில் தரும். பணம் கொடுத்து அன்றைய இரவைக் கடத்தலாம் என்பது உண்மைதான். ஆனால் ஆபத்து அந்த இரவோடு போய்விடுவதில்லை. அடுத்த கடனோடு, இன்னும் பெரிதாகத் திரும்பி வரும்.

எந்த நிலையிலும் ஒரு ரூபாய்கூடக் கட்டக் கூடாது என்று சொல்லுமளவுக்கு நான் உறுதியானவன் அல்லன். எங்கள் பிரிவிலேயே இதில் மாற்றுக் கருத்து உண்டு. கந்துவட்டிக்காரர் கடனையேனும் முதலில் தீர்த்துவிடுவது நல்லது என்று என்னோடு பணிபுரியும் மருத்துவர் ஒருவர் வாதிடுவார். அவர் சொல்வதில் நியாயம் உண்டு. குடும்பம் கட்டுவதானால், எல்லோரும் அறியக் கட்டட்டும். முழுக் கணக்கும் தாளில் எழுதப்பட்ட பிறகு, சிகிச்சை தொடங்கிய பிறகு, நோயாளியின் கையில் கொடுக்காமல் கடன் கொடுத்தவரிடமே கட்டட்டும். கட்டியதை நோயாளி தம் சம்பளத்திலிருந்து மாதாமாதம் திருப்பித் தரட்டும். ஐந்நூறு ரூபாயானாலும் சரி. இவை இல்லாமல் கட்டும் பணம், சூதாட்ட நிறுவனத்துக்கு நாம் கட்டும் பணமே.

முழுக் கணக்கு என்று சொன்னேன். ஆடியவர் முதலில் சொல்லும் தொகையை ஒருபோதும் நம்பாதீர்கள். அவர் கெட்டவர் என்பதற்காக அல்ல, நோய் அப்படிப்பட்டது. சிபில் முதலிய நான்கு கடன்தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தரவேண்டும். நோயாளியையே விண்ணப்பிக்கச் செய்து, உடன் உட்கார்ந்து பாருங்கள். கைமாற்றும், கந்துவட்டியும், பெயரில்லாச் செயலிகளின் கடனும் அதில் வராது; அவற்றை அவர் வாயால்தான் அறியவேண்டும். இரண்டு மூன்று அமர்வுகளில் வெளிவரும். சம்பளக் கணக்கைச் சில காலத்துக்கு வேறொருவர் பார்த்துக்கொள்வது, யூ.பி.ஐ. வரம்பைக் குறைப்பது, தானாகப் பிடித்தம் ஆகும் அனுமதிகளை நீக்குவது ஆகியவற்றை அவரோடு பேசியே செய்யுங்கள். கைப்பேசியைப் பிடுங்கி உடைப்பதால் பயனில்லை. இன்னொரு கைப்பேசி மறுநாளே வரும்.

சிகிச்சை என்பது பெரும்பாலும் பேச்சுவழிச் சிகிச்சையே. ஆடத் தூண்டும் எண்ணத்தை அடையாளம் கண்டு தள்ளிப்போடப் பழக்குகிறோம். நால்ட்ரெக்ஸோன் போன்ற மருந்துகள் சிலருக்கு உதவுகின்றன. மனச்சோர்வோ மதுவோ உடன் இருந்தால் அதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும்.

நோயாளிகள் படிக்கும் இதழ் என்பதால் இதையும் சேர்க்கிறேன். பார்க்கின்சன் நோய்க்குத் தரப்படும் பிரமிபெக்சோல், ரோபினிரோல் போன்ற மருந்துகளும், மனநலச் சிகிச்சையில் பயன்படும் அரிபிபிரசோலும், சிலருக்குச் சூதாடும் வேட்கையைத் தூண்டக்கூடும். எழுபது வயதுவரை சீட்டுக்கட்டைத் தொடாத பெரியவர் திடீரென்று பந்தயத்தில் பணம் விட்டால், வயதான காலத்தில் இது என்ன புத்தி என்று ஏசுவதற்கு முன் மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் வாருங்கள். மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அளவையோ மருந்தையோ மாற்றுவதை மருத்துவர் முடிவு செய்வார்.

உடனிருப்போருக்கும் ஒன்று. இரவு பதினொரு மணிக்குமேல் எங்கள் வார்டுகளின் வெளியே நடந்தால், பெஞ்சுகளில் உட்கார்ந்திருக்கும் முகங்கள் கைப்பேசி வெளிச்சத்தில் தெரியும். தூக்கம் வராது, கவலை மிகுதி, கையில் சிகிச்சைக்கென்று புரட்டிவந்த பணம் கணக்கில் இருக்கும். நூறு ரூபாய் போட்டு ஆயிரம் வந்தால் நாளைய மருந்துச் செலவு தீருமே என்ற எண்ணம் அந்த வேளையில் நியாயமாகவே தோன்றும். சூதாட்டம் மகிழ்ச்சியான மனிதரை மட்டும் தேடி வருவதில்லை. உங்களுள் யாருக்கேனும் அப்படி ஓர் இரவு நேர்ந்திருந்தால், கடனாகுமுன்னே வந்து சொல்லுங்கள். நோயாளி வராமல் குடும்பத்தார் மட்டும் வந்தாலும் மனநலப் புறநோயாளர் பிரிவில் பார்ப்போம். நீங்கள் சொல்வது பதிவேட்டைத் தாண்டிப் போகாது.

அந்த அம்மையாரின் அறுவைச் சிகிச்சை ஆவணிக்குத் தள்ளிப்போகவில்லை. தள்ளிப்போட முடியாத இதயம் அது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். கணவரை அழைத்து வரச் சொன்னோம். நடத்துநர் ஐயா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, நெடுநேரம் கைக்குட்டையை மடித்து மடித்து வைத்துக்கொண்டிருந்தார். "என்கிட்ட ஏன் சொல்லலை" என்று ஒரு முறை மட்டும் மனைவியைக் கேட்டார். பிறகு வங்கிக்குப் போய்த் தம் ஓய்வூதியத்தின்மேல் கடன் எடுத்துவந்து மருத்துவச் செலவைக் கட்டினார். மகனின் கடன்தகவல் அறிக்கையைப் பார்த்தபோது தொகை மூன்று லட்சம் அல்ல, ஆறு லட்சத்து நாற்பதாயிரம் என்று தெரிந்தது. அதில் ஒரு பைசாவும் பெற்றோர் கட்டவில்லை. நிறுவனங்களோடு எழுத்துமூலம் பேசித் தவணைகளை நீட்டித்துக்கொண்டு, மகன்தான் தம் சம்பளத்திலிருந்து கட்டிவருகிறார். சங்கிலி இன்னும் மீட்கப்படவில்லை.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வியாழக்கிழமை அந்த இளைஞர் வருகிறார். கார்த்திகையில் ஒருமுறை இரண்டாயிரம் ரூபாய் ஆடித் தோற்றுவிட்டார். மறுநாள் காலை, யாரும் கண்டுபிடிக்குமுன், தந்தையிடம் தாமே போய்ச் சொல்லியிருக்கிறார்.